மிருதங்கத்தில் முதல் நான்கு சொல்: காரைக்குடித் திண்ணையிலிருந்து ஒரு முழு வழிகாட்டி

"ஏந் தம்பி, பேரன் மூணு மாசமா இந்தத் த தி தொம் நம்முலயே நிக்கிறானே, எப்பத்தான் பாட்டுக்கு வாசிப்பான்?"

பக்கத்து வீட்டு ஆச்சி போன வாரம் கேட்டார்கள். "ஆச்சி, வெள்ளைப் பணியாரத்துக்கு மாவை ஊற வைக்காம அரைப்பீகளா?" என்றேன். "அது வேற, இது வேற" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். எனக்கு இரண்டும் ஒன்றுதான். மிருதங்கம் கற்க வந்து ஆறு மாதத்தில் விட்டுப்போன பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன். பெரும்பாலோருக்குக் கையில் வேகம் இருந்தது, ஒலிதான் இல்லை. நான்கு சொல்லும் நான்கு தனிக் குரலாகக் கேட்கும் முன்பே அவர்களை அடுத்த பாடத்துக்குத் தள்ளியிருந்தார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி மெதுவாகத்தான் போகும். வாத்தியம் வாங்குவதில் தொடங்கி, ஆதி தாளத்தில் ஒரு சின்னத் தீர்மானம், அதாவது பாட்டின் பகுதியை முடித்துவைக்கும் சொற்கோவை, வைப்பதில் முடியும். குருவிடம் போகிறவர்கள் இதைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விரல் வைக்கும் முறை பாணிக்குப் பாணி மாறும். இதில் இருப்பதும் உங்கள் குரு சொல்வதும் வேறுபட்டால், குரு சொல்வதைக் கேளுங்கள்.

நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் கொஞ்சம் உரிமையும் உண்டு. செட்டிநாட்டை ஒட்டிய புதுக்கோட்டையில்தான் மாமுண்டியா பிள்ளை கஞ்சிராவை, ஒரு கையில் பிடித்து வாசிக்கும் அந்தச் சின்னத் தோல் வாத்தியத்தை, கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்தார். அவர் வழியில் தட்சிணாமூர்த்தி பிள்ளை வந்தார். அந்தப் பாணியில் வந்த மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். மிருதங்க வித்வான் காரைக்குடி மணியோ (1945–2023) ஊர்ப் பெயரை உலகமெங்கும் தூக்கிப்போனவர். உங்கள் பிள்ளை இடதுகைப் பழக்கம் உள்ளவனாக இருந்தால் அடித்துத் திருத்தாதீர்கள். வாத்தியத்தைத் திருப்பிப் போட்டுக் கொடுத்தால் போதும்.

முதலில் வாத்தியம்

மிருதங்கத்தின் கட்டை பலாமரம். வலது பக்கத்து முகம் சிறியது, அது வலந்தலை. இடது பக்கத்துப் பெரிய முகம் தொப்பி. வலந்தலை நடுவில் கறுப்பாக இருப்பதைச் சோறு என்றும் கரணை என்றும் சொல்வார்கள். சாதத்தோடு கிட்டான் கல்லின் பொடியைச் சேர்த்து மசித்து, மெல்லிய பூச்சாக ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்து ஏற்றுவது அது. அந்தக் கறுப்பு இல்லாவிட்டால் வலந்தலை வெறும் தோல், தட்டினால் 'டப்' என்றுதான் கேட்கும். சாதாரணத் தோலின் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று சுருதியில் பொருந்தாது. நடுவில் எடை ஏறியதும் அவை ஒழுங்குக்கு வந்து சுருதி பேசுகின்றன. சி.வி. ராமன் இதை ஆராய்ந்து 1920-இலேயே எழுதியிருக்கிறார்.

கறுப்பைச் சுற்றி இரண்டு வளையம் தெரியும். ஓரத்தில் இருப்பது மீட்டு, அதற்கும் கரணைக்கும் இடையில் தெரிவது சாப்பு. இந்த மூன்று இடத்தின் பெயரும் மனதில் நிற்க வேண்டும், கீழே திரும்பத் திரும்ப வரும்.

வாங்கும்போது முதலில் சுருதியை முடிவு செய்யுங்கள். ஆண் குரலுக்கு வாசிக்கும் தக்கு சுருதி மிருதங்கம் ஏறக்குறைய 24 அங்குலம் இருக்கும், பெண் குரலுக்கான ஹெச்சு சுருதி 22 அங்குலம். சின்னப் பிள்ளைக்கு 22 போதும், கை எட்டும். குச்சி மிருதங்கமா கப்பி மிருதங்கமா என்று கடையில் கேட்பார்கள். மீட்டுத் தோலுக்கு அடியில் ஈர்க்குத் துண்டு வைத்திருந்தால் குச்சி, சிறு கல் துணுக்கு வைத்திருந்தால் கப்பி. தொடக்கத்தில் எது கிடைத்தாலும் சரி. இரண்டு முகத்தையும் இழுத்துக் கட்டும் தோல் வாருக்குப் பதில் போல்ட்டு நட்டு வைத்ததும் வருகிறது. தூக்கிப்போகவும் சுருதி சேர்க்கவும் வசதிதான். ஆனால் சுருதி சேர்க்கத் தட்டும் கல்லும் புள்ளும் (மரக்கட்டை) பிடித்துப் பழகாமல் நேரே அதற்குப் போவது எனக்குப் பிடிக்காது. என் பிடிவாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கடையில் ஒன்றே ஒன்று சோதியுங்கள். வலந்தலையைச் சுற்றி நாலைந்து இடத்தில் ஓரத்தைத் தட்டச் சொல்லிக் கேளுங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒலி செத்துக் கிடந்தால், சோற்றில் விரிசலோ தோலில் குறையோ இருக்கும்.

உட்கார்வது

சம்மணமிட்டு உட்காருங்கள். வலது காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி, அதன் கணுக்கால் மேல் வாத்தியத்தின் வலது பக்கத்தைக் கிடத்துங்கள். இடது கால் மடங்கி வாத்தியத்தை அணைத்திருக்கும். கட்டை தரைக்கு ஏறக்குறைய இணையாக இருக்க வேண்டும். தோள் தூக்கியிருந்தால் அரை மணியில் கழுத்து வலிக்கும். தரை சில்லென்று இருந்தால் ஒரு ஜமக்காளம் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கு உட்கார்ந்து சாதகம் (பயிற்சி) செய்வது என்பதும் முக்கியம். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் இதை யாரும் யோசிப்பதில்லை. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, கண்ணாடி போல வழவழத்த சுவர், அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் கூரை. பட்டாலையில் (பெரிய கூடத்தில்) உட்கார்ந்து ஒரு நம் அடித்தால் மூன்று நம் திரும்பி வரும். வாசிக்கிறவனுக்குத் தன் கை பிரமாதம் என்று தோன்றும், அத்தனையும் வீடு கொடுக்கும் கடன். துணிமணி, பாய், தலையணை அடைந்து கிடக்கும் சின்ன உள்ளறையே சாதகத்துக்கு ஏற்ற இடம். அங்கே உங்கள் கை எப்படிப் பேசுகிறதோ அப்படியே கேட்கும்.

தொப்பிக்கு ரவை

தொப்பியின் அடிநாதம் ரவையில் இருக்கிறது. உப்புமாவுக்குப் போடும் அதே ரவைதான். ஒரு கைப்பிடி எடுத்துத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து சிறிது நேரம் வையுங்கள். சப்பாத்தி மாவைவிடத் தளர்வாக, தோசை மாவைவிட நன்றாகக் கெட்டியாக, விரலில் ஒட்டும் பதத்துக்கு வர வேண்டும். தொப்பியின் நடுவைத் தண்ணீரால் லேசாக நனைத்து, ரவையை வட்டமாக அப்பி, ஓரத்தை விரலால் வழித்துத் தோலோடு படியவிடுங்கள்.

இப்போது தட்டிப் பாருங்கள். தொப்பியின் நாதம் வலந்தலை ஆதார சட்ஜத்துக்கு, அதாவது அடிப்படை 'ச'வுக்கு, ஒரு ஸ்தாயி கீழே, கீழ் 'ச'வில் நிற்க வேண்டும். ரவை கூடினால் ஒலி கீழே போகும், குறைந்தால் மேலே ஏறும். கொஞ்சம் கிள்ளி எடுத்தும் சேர்த்தும் சரிக்கட்டலாம்.

பதம் தவறினால் என்ன ஆகும் என்பதை நான் அனுபவித்தேன். பதினாறு வயதில் ஒரு கல்யாண வீட்டில் முதல் கச்சேரி. பதற்றத்தில் ரவையைக் குழைய விட்டுவிட்டேன். இரண்டாவது பாட்டின் சரணத்தில் தொப்பி பக்கம் ஏதோ சில்லென்று பட்டது. குனிந்து பார்த்தால் மொத்தமும் என் வேட்டி மடியில் கிடக்கிறது. பாடுகிறவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீதிச் சரணத்தை வலது கையாலேயே ஓட்டினேன். முன்வரிசைப் பையன் ஒருவன் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தான்.

வாசித்து முடித்ததும் ரவையை எடுத்துவிட்டு, ஈரத் துணியால் தோலைத் துடைத்துவிடுங்கள். மறந்து ராத்திரி விட்டுவிட்டால் காலையில் கல்லாக இறுகிக் கிடக்கும். சுரண்டினால் தோல் போகும், நனைத்து ஊறவிட்டுத்தான் எடுக்க வேண்டும்.

சுருதி சேர்ப்பது

கைபேசியில் தம்பூரா போட்டுக்கொள்ளுங்கள். வலந்தலையைச் சுற்றிப் பின்னியிருக்கும் மூட்டில் வார் கோத்த இடங்கள் பதினாறு. ஒவ்வொன்றுக்கும் நேரே மீட்டைத் தட்டிக் கேட்டுக்கொண்டே வாருங்கள். எந்த இடம் இறங்கி நிற்கிறதோ அங்கே மூட்டின்மேல் புள்ளை வைத்து, கல்லால் கீழ்நோக்கித் தட்டினால் தோல் இறுகிச் சுருதி ஏறும். கீழிருந்து மேலே தட்டினால் இறங்கும். ஓரிடத்தைத் தட்டியதும் அதற்கு நேர் எதிர்ப் பக்கத்தையும் கேளுங்கள், அதுவும் அசைந்திருக்கும். முதல் மாதம் இதைக் குருவோ மூத்த மாணவரோ செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

சித்திரை வெயிலில் தோல் இறுகிச் சுருதி மேலே போகும். ஐப்பசி மழையில் தோல் ஈரத்தைக் குடித்துத் தொய்யும். அதற்காக வெயிலில் காய வைக்காதீர்கள், சோறு வெடித்துவிடும். உறை போட்டு, காற்றோட்டமான நிழலில் வைப்பது நல்லது.

நான்கு சொல்

இங்கேதான் நிதானமாக உட்கார வேண்டும்.

த. இது இடது கை. நான்கு விரலும் சேர்ந்து, தொப்பியின் நடுவுக்குக் கீழே தட்டி, அங்கேயே ஒட்டி நிற்கும். ஒலி மூடியிருக்க வேண்டும், கதவைச் சாத்தினால் வரும் ஒலி போல. கை துள்ளி எழுந்தால் நாதம் கசிந்துவிடும். மணிக்கட்டு தளர்ந்திருக்கட்டும், அடி முழங்கையிலிருந்து வர வேண்டாம்.

தி. வலது கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் சேர்ந்து கரணையின் நடுவில் விழும். இதுவும் மூடிய ஒலிதான். மூன்று விரலும் ஒரே கணத்தில் தொட வேண்டும். முன்பின் விழுந்தால் 'தி' என்பது 'திர்' என்று சிதறும். ஆள்காட்டி விரல் சற்றே தூக்கியிருக்கும், அதன் வேலை பின்னால் வருகிறது.

தொம். மறுபடியும் இடது கை, ஆனால் திறந்த ஒலி. தொப்பியின் மேல்பக்கத்தில் விரல்கள் தட்டிய மறுகணமே எழுந்துவிட வேண்டும். சூடான தோசைக்கல்லைத் தொட்டால் கை எப்படித் தானாக வருமோ அப்படி. கையை எழுப்புவது நீங்களல்ல, தோல் தள்ளிவிடுவது என்று நினைத்துக்கொண்டு அடியுங்கள். ஓங்கி அடித்தால் நாதம் பெருகாது, சத்தம்தான் பெருகும்.

நம். ஒரு மாதம் தின்னும் சொல் இது. வலது மோதிர விரலைக் கரணையும் சாப்பும் சேரும் விளிம்பில் பட்டும் படாமலும் வையுங்கள். நடுவிரல் காற்றில் நிற்கட்டும். ஆள்காட்டி விரலால் மீட்டின் ஓரத்தைச் சுண்டுவதுபோல் அடித்து எடுங்கள். மணி அடித்ததுபோல ஒரு சட்ஜம் கேட்க வேண்டும்.

கேட்கவில்லையா? பத்தில் ஒன்பது பேருக்குக் குற்றம் அடிக்கும் விரலில் இல்லை, வைத்திருக்கும் மோதிர விரலில் இருக்கிறது. அது அழுத்தினால் ஒலி செத்துப்போகும். தூக்கிவிட்டால் வேறு ஒலி வந்துவிடும். அந்த விரல் லேசாகத் தொட்டிருப்பதால்தான் தோல் முழுதாக ஒரே துண்டாக எழும்பாமல் இரண்டு பாதியாக அதிர்கிறது, அந்த மணி ஒலி அதிலிருந்து பிறக்கிறது. என் மாணவர்களிடம் "தூங்குற குழந்தை கன்னத்துல கை வைக்கிற மாதிரி" என்பேன். ஒரு பையன் தன் தம்பி கன்னத்தில் வைத்துப் பார்த்து, அது விழித்து அழ, "சார், இதுக்கும் கொஞ்சம் கம்மியா" என்று வந்து சொன்னான். அவனுக்கு அடுத்த வாரமே நம் வந்துவிட்டது.

இன்னொரு குற்றமும் உண்டு. ஆள்காட்டி விரலின் நுனி மட்டும் படுவதால் ஒலி கீச்சென்று வரும். முதல் கணுவுக்கும் நுனிக்கும் இடைப்பட்ட சதை மீட்டில் படட்டும். தொடக்கத்தில் விரல் சிவந்து எரியும், அது தோல் பழகும் எரிச்சல், போய்விடும். மணிக்கட்டிலோ முழங்கையிலோ உள்ளே வலித்தால் நிறுத்துங்கள். கை இறுகியிருக்கிறது என்று பொருள்.

வாய்க்கு வந்த பிறகு கைக்கு

ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியாக முப்பத்திரண்டு முறை வாசித்த பிறகு நான்கையும் சேர்க்கலாம். அதற்கு முன் வாயால் சொல்லுங்கள். தொடையில் ஆதி தாளம் போடுங்கள். ஒரு தட்டு, சுண்டுவிரலிலிருந்து மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு-வீச்சு, தட்டு-வீச்சு. மொத்தம் எட்டு எண்ணிக்கை.

முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு சொல், ஓர் ஆவர்த்தனத்தில், அதாவது தாளத்தின் ஒரு முழுச் சுற்றில், 'த தி தொம் நம்' இரண்டு முறை வரும். இரண்டாம் காலத்தில் எண்ணிக்கைக்கு இரண்டு சொல், நான்கு முறை. மூன்றாம் காலத்தில் எண்ணிக்கைக்கு நான்கு சொல், எட்டு முறை. தாளத்தின் வேகம் மாறாது, சொல்லின் நெருக்கம்தான் மாறும். மெட்ரோனோம் ஆப்பில் நிமிடத்துக்கு 50 வைத்துத் தொடங்குங்கள். மூன்றாம் காலத்தில் நம் 'டக்' என்று கேட்கத் தொடங்கினால் கை முந்துகிறது. 45-க்கு இறக்குங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

வாயில் தடுக்கும் இடத்தில் கையும் தடுக்கும். அதனால் பேருந்தில் போகும்போதும் வரிசையில் நிற்கும்போதும் சொல்லிக்கொண்டே இருங்கள். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போவதற்குள் மூன்று காலமும் பல முறை சொல்லி முடித்துவிடலாம். பக்கத்து சீட்டுக்காரர் ஒரு மாதிரிப் பார்ப்பார், பார்க்கட்டும்.

திறந்த ஒலிகள்

நான்கும் நின்ற பிறகு மூன்று புது ஒலி சேர்க்கலாம். தீம் என்பது வலந்தலை முழுதும் பேசும் ஒலி. மோதிர விரலை வைக்காமல், விரல் கரணை ஓரத்தில் பட்டு உடனே எழ வேண்டும். 'நம்' ஒலியைவிடக் கீழே, அகலமாகக் கேட்கும். சாப்பு என்ற அடி (வளையத்துக்கும் இதே பெயர்தான்) சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து கரணையின் விளிம்பில் வெட்டி எழுவது. நல்ல சாப்பு கண்ணாடி போலத் தெறிக்கும். அதையே இன்னும் உள்ளே தள்ளி, பாதி மூடி வாசித்தால் அரைச்சாப்பு. இவற்றை எழுத்தில் இதற்குமேல் சொல்லிப் பயனில்லை, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு நிமிடத்தில் புரியும்.

கும்கி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. தொப்பியில் தொம் அடித்ததும் உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தோலில் அழுத்தி முன்னே தள்ளினால் நாதம் வளைந்து மேலே போகும். புறா குமுறுவது போல இருக்கும். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பியை இன்றும் பேசுகிறார்கள் என்றால் இதற்காகவும்தான். பிள்ளைகள் ஒருமுறை இதைக் கண்டுபிடித்துவிட்டால் எல்லாவற்றிலும் குமுறுவார்கள். முதல் வருடம் ஆவர்த்தனத்துக்கு ஒன்றுக்குமேல் கூடாது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

சொற்கட்டு

அடுத்து ஐந்து ஜாதி, அதாவது சொற்களை எண்ணிக்கையால் பிரிக்கும் ஐந்து வகை. தகிட மூன்று, திஸ்ரம். தகதிமி நான்கு, சதுஸ்ரம். தகதகிட ஐந்து, கண்டம். தகிடதகதிமி ஏழு, மிஸ்ரம். தகதிமிதகதகிட ஒன்பது, சங்கீர்ணம். முதலில் வாயில், பிறகு கையில், மூன்று காலத்திலும்.

ஒரு குழப்பத்தை இப்போதே தீர்த்துவிடலாம். ஒரே எழுத்துக்கு எப்போதும் ஒரே அடி என்று இல்லை. 'த தி தொம் நம்'மில் த இடது கை. தகதிமியில் த வலது கையில் விழும், க இடதில் விழும். சொல் ஒரு நினைவுக்கயிறு மட்டும், எந்த விரல் என்பதை வரிசை முடிவு செய்யும். 'தரிகிடதொம்' வரும்போது இது நன்றாகப் புரியும். வலது கையில் ஆள்காட்டி விரலும் மற்ற விரல்களும் மாறி மாறி விழ, கி மட்டும் இடதில் வந்து நடுவில் புகும். இந்த மாற்று விரல் ஓடத் தொடங்கிய அன்றுதான் மிருதங்கம் பேசுவதுபோல் இருக்கும்.

முதல் தீர்மானம்

பாட்டின் ஒரு பகுதி முடியும் இடத்தில் ஒரு சொற்கட்டை மூன்று முறை வைத்துச் சமத்தில், அதாவது தாளத்தின் முதல் தட்டில், வந்து இறங்குவது தீர்மானம். 'ததிங்கிணதொம்' எடுத்துக்கொள்வோம். த, திங், கி, ண, தொம் என்று ஐந்து மாத்திரை (ஒரு சொல்லுக்கான கால அளவு ஒரு மாத்திரை). மூன்று முறைக்குப் பதினைந்து.

இரண்டாம் காலத்தில் ஆதி தாளத்துக்கு மொத்தம் பதினாறு. ஆகவே சமத்தில் ஒன்றை விட்டுவிட்டுத் தொடங்கினால் அடுத்த சமத்தில் நேராக இறங்கும். மூன்றாம் காலத்தில் மொத்தம் முப்பத்திரண்டு. பதினைந்து போக மீதி பதினேழு. முதல் நான்கு எண்ணிக்கை பதினாறைத் தின்றுவிடும், மீதி ஒன்று. அதனால் ஐந்தாவது எண்ணிக்கையில், அதாவது முதல் திருதத்தின் (தட்டு-வீச்சு சேர்ந்தது திருதம்) தட்டில், ஒரு மாத்திரை விட்டுத் தொடங்க வேண்டும்.

ததிங்கிணதொம்களுக்கு இடையில் இரண்டு இரண்டு மாத்திரை இடைவெளி விட்டால்? பதினைந்தும் நான்கும் பத்தொன்பது, மீதி பதிமூன்று. மூன்று எண்ணிக்கைக்குப் பன்னிரண்டு போனால், நான்காவது எண்ணிக்கையில் ஒரு மாத்திரை விட்டு எடுக்க வேண்டும். இப்படி நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். வட்டிக் கணக்கு போட்டுப் பழகிய ஊர்க்காரர்களுக்கு இதுவா கஷ்டம்!

இடைவெளியை மௌனமாக விடுவதுதான் கடினம். அந்த இரண்டு மாத்திரையில் கை எதையாவது தட்டிவிடத் துடிக்கும். தாளத்தை வேறு ஒருவர் போட, நீங்கள் வாசிப்பது நல்லது. வீட்டில் யாருக்குத் தாளம் தெரியுமோ அவரைப் பிடித்து உட்கார வையுங்கள்.

ஆச்சி பேரன் போன வெள்ளிக்கிழமை இதைத்தான் முதல் முறையாக வாசித்தான். ஆச்சியே முகப்பில் உட்கார்ந்து தொடையில் தாளம் போட்டார்கள். இடைவெளி இல்லாமல் வைத்தது அழகாக இறங்கியது. இடைவெளி விட்டு வைத்தபோது கை பொறுக்கவில்லை, ஒரு மாத்திரை முந்தித் தொம்மென்று முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

ஆச்சி வீச்சுக்குத் திருப்பிய கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்தி, "அடேய், நான் இன்னும் வந்து சேரலடா" என்றார்கள்.